தலைவர் கடைக்கு வழி இல்லாத பதினான்கு மாதங்கள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் நானும் ஒரு குற்றவாளி. பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. வேறு கடைக்குப் போய் முடி வெட்டிக்கொண்டேன். ஆனால் எங்கள் தெருவில் அது சாதாரண விஷயம் இல்லை.

எங்கள் தெரு சலூன்காரருக்குத் தலைவர் என்று பெயர். வக்கீல், வாத்தியார், வங்கி மேனேஜர் என்று எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் வந்து உட்கார்ந்து தலை குனிவது அவர் முன்னால்தான் என்பதால் எவரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி உடம்பு, நீள நீளமான விரல்கள், அடங்காத வாய். கடை பத்தடிக்கு எட்டடி. சுவரில் ஒரு கண்ணாடி, மூலையில் ஒரு வாஷ்பேசின், ஐந்து பேர் நெருக்கி உட்காரும் பெஞ்சு, நடுவில் கனமான இரும்பு நாற்காலி ஒன்றே ஒன்று. அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காலையிலிருந்து இருட்டும் வரை அதில் வேறு யாராவது இருப்பார்கள்.

தலைவருக்கு முகங்கள் அவ்வளவாக நினைவிருக்காது. பிடரியைப் பார்த்துத்தான் ஆளைச் சொல்வார். தெருவில் போகிற ஒரு தலையைக் காட்டினால் போதும், எந்தக் கடையில் வெட்டியது, வெட்டியவர் இடதுகைக்காரரா என்பதெல்லாம் வரிசையாக வரும். "இவருக்கு வெட்டுனவன் மத்தியானம் சாப்பிடலை. இந்தப் பக்கம் அவசரம் தெரியுது பாருங்க" என்பார். அளந்துவிடுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். ஒருமுறை ஊருக்குப் போன இடத்தில் வெட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் நின்றபடியே தலைவர், "நின்னுக்கிட்டு வெட்டலை, ஸ்டூல்ல உக்காந்து வெட்டியிருக்கான், சோம்பேறி" என்றார். அந்த ஆள் உட்கார்ந்துதான் வெட்டினான்!

நான் கட்டட வரைபடம் போடுகிறவன். தலைவர் கடைக்கு நேர் எதிரே முதல் மாடியில் வீடு, ஜன்னலோரம் மேஜை. எனக்கு உச்சியில் இரட்டைச் சுழி. அதை அடக்கி வெட்டத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பதினேழு வருடமாக என் தலை அவர் பொறுப்பில் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் இரண்டு பேர் வந்து சுண்ணாம்புப் பொடியால் தெரு நடுவே கோடு போட்டார்கள். மறுநாள் இயந்திரம் வந்தது. அதன் பின்னாலேயே பலகையும் வந்தது: 'குடிநீர்க் குழாய் பதிக்கும் பணி. மூன்று மாதங்களில் நிறைவடையும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.' பிறகு மூன்றின் மேல் ஒரு சீட்டை ஒட்டி ஐந்து ஆக்கினார்கள். ஐந்தின் மேல் இன்னொன்று ஒட்டி எட்டு ஆக்கினார்கள். குழாய்க்காரர்கள் மூடிய பள்ளத்தை மின்சாரக் கேபிள்காரர்கள் தோண்டினார்கள், அவர்கள் மூடியதைச் சாக்கடைக்காரர்கள் தோண்டினார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே தடவை தோண்டித் தொலைத்தால் என்ன என்று கேட்கத் தெருவில் ஆள் இல்லாமல் இல்லை. கேட்டால் பதில் சொல்லத்தான் யாரும் இல்லை. பலகையில் எண் மாறிக்கொண்டே இருந்தது. வருத்தம் மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது.

கடைகளுக்கு முன்னால் ஆள் உயரப் பள்ளம். ஒவ்வொரு கடைக்கும் இரண்டு மரப்பலகையைக் குறுக்கே போட்டு, இதுதான் வழி என்றார்கள். மருந்துக் கடை அக்கா ஒரு வாளியில் கயிறு கட்டி, சீட்டை வாங்கி மாத்திரையை அனுப்பினார். மேஜை நாற்காலி விற்ற கடைக்காரர் ஒரு சோஃபாவைப் பலகை மேல் கொண்டுபோகப் பார்த்தார்; சோஃபா பள்ளத்துக்குள் இறங்கி, மூன்று நாள் அங்கேயே கிடந்தது. வேலையாட்கள் சாப்பாட்டு நேரத்தில் அதில் உட்கார்ந்துகொண்டார்கள். அந்தக் கடை நாலாம் மாதத்தில் மூடியது. ரொட்டிக் கடை ஆறாம் மாதத்தில் மூடியது.

மாத்திரையை வாளியில் அனுப்பலாம். தலையை அனுப்ப முடியாது.

ஆனாலும் முதல் இரண்டு மாதம் நாங்கள் பலகை மேல் தள்ளாடிக்கொண்டு தலைவரிடம் போய்க்கொண்டுதான் இருந்தோம். வங்கி மேனேஜர் சவரம் செய்துகொண்ட அன்றுதான் எல்லாம் கெட்டது. வெளியே பாறை உடைக்கும் இயந்திரம் அதிர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடி நடுங்கியது, நாற்காலி நடுங்கியது, மேனேஜரும் நடுங்கினார். தலைவர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பார், இயந்திரம் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு இழுப்பு இழுப்பார், மறுபடியும் காத்திருப்பார். இப்படி முக்கால் மணி நேரத்தில் ஒரு கன்னம் முடிந்தது. அப்போது தெருவே அதிர ஒரு சத்தம். புதுக் குழாய் போட வந்தவர்கள் பழைய குழாயை உடைத்துவிட்டார்கள். தலைவர் குழாயைத் திருகினார். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மேனேஜர் ஒரு கன்னம் பளபளக்க, மறு கன்னத்தில் நுரை காய, பலகை மேல் கைகளை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சிரித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு ஆட்கள் வருவது குறைந்தது. கொஞ்ச நாள் பள்ளம் தோண்ட வந்தவர்களே தலைவரின் வாடிக்கையாக இருந்தார்கள். அவர்கள் தலையிலிருந்த சிமெண்டில் இரண்டு கத்தரி மழுங்கியது. சூப்பர்வைசர் மாதம் ஒருமுறை வருவார். ஒவ்வொரு முறையும் தலைவர், "எப்ப சார் முடியும்?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் அவர், "இன்னும் பதினஞ்சு நாள்" என்பார். வேலையாட்கள் தெருவின் மறுகோடிக்குப் போன பிறகு அவர்களும் வரவில்லை. கடையில் ஈ ஓட்டலாம் என்றால், அந்தத் தூசிக்கு ஈகூட வரவில்லை. காலையில் கடையைத் திறப்பார், துண்டுகளை உதறுவார், கண்ணாடியைத் துடைப்பார். பத்து மணிக்குக் கண்ணாடியில் தூசி படிந்திருக்கும், மறுபடியும் துடைப்பார். ஒன்பதாம் மாதத்தில் ஒரு மத்தியானம் அவர் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

பார்த்து இவ்வளவு வருத்தப்பட்டவன் அவரிடம் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். மாற்றுப்பாதை என்று அம்புக்குறி போட்டு எங்களைப் பின்தெரு வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். அந்த அம்பு முடிகிற இடத்தில் புதிதாக ஒரு சலூன். பளபளவென்று இரண்டு நாற்காலி, ஒரே ஆள். ஆறடிக்கு மேல் உயரம், சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாதவர். பள்ளம் தாண்ட வேண்டாம், தூசி இல்லை, தண்ணீர் வருகிறது. ஒரே ஒரு தடவை என்றுதான் போனேன். உள்ளே போனால் பெஞ்சில் வங்கி மேனேஜர். பக்கத்தில் கணக்கு வாத்தியார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உடனே மூன்று பேருக்கும் செய்தித்தாளில் ரொம்ப முக்கியமான செய்தி கிடைத்துவிட்டது.

பதினான்காம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தெரு முடிந்தது. நம்பவே முடியவில்லை. கறுகறுவென்று தார், நடுவில் வெள்ளைக் கோடு, இரண்டு பக்கமும் நடைபாதை. அறிவிப்புப் பலகையைக் கழற்றி லாரியில் போட்டார்கள், வருத்தத்தோடு சேர்த்து. தலைவர் கடை முழுவதையும் கழுவிவிட்டார். புதுத் துண்டு வாங்கினார். நாற்காலிக்கு எண்ணெய் போட்டார். சனிக்கிழமை விடிந்ததும் கதவை அகலத் திறந்து வைத்து வாசலில் நின்றார்.

யாரும் தலை காட்டவில்லை.

காரணம் இதுதான்: எங்கள் எல்லோர் தலையிலும் பின்தெரு உயரக்காரரின் கத்தரி இருந்தது. தலைவர் கண்ணுக்கு அது தப்பாது. கொஞ்சம் வளரட்டும், அடையாளம் அழியட்டும், பிறகு ஒன்றும் தெரியாதவன் மாதிரிப் போய் உட்கார்ந்துவிடலாம் என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டிருந்தோம். தபால்காரர் மட்டும்தான் துணிந்தவர். புதன்கிழமை நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தலைவர் ஆசையாகப் போர்வையைக் கட்டினார். சீப்பைப் பிடரியில் மேல்நோக்கி ஓட்டினார். எந்த முடிவெட்டுகிறவர் வாயிலும் தானாக வந்துவிடுகிற ஒரு கேள்வி உண்டே, அது வந்துவிட்டது.

"யாரு சார் வெட்டுனது இது?"

தலைவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "வெட்டுனாரா, இல்லை மேய விட்டாரா?" என்றார்.

தபால்காரர் பாதியில் எழுந்து போகவில்லை, அவ்வளவு மரியாதை உள்ளவர். ஆனால் ஒரு தபால்காரரிடம் அப்படி ஒன்றைச் சொல்லலாமா? மறுநாள் மத்தியானத்துக்குள் வீடு வீடாகச் செய்தி போய்ச் சேர்ந்தது. கடுதாசி இல்லாத வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. வங்கி மேனேஜர் எதிர்ப்பக்க நடைபாதையில் தலையைக் குனிந்தபடி போனார். வாத்தியார் வெயிலே இல்லாத நேரத்தில் குடை பிடித்தார். நான் ஒரு தொப்பி வாங்கினேன்.

மூன்றாவது வாரம் மருந்துக் கடை அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"விஷயம் தெரியுமா? தலைவர் இந்த மாசக் கடைசியோட கடையை மூடறாராம்."

"எதுக்குக்கா? ரோடுதான் முடிஞ்சிருச்சே?"

"ரோடு முடிஞ்சு என்ன, ஆளு வரணுமே. அவரு மச்சான் வெளியூர்ல ஏதோ கிடங்குல பெரிய ஆளாம். சாமான் எண்ணி எழுதற வேலை இருக்காம். வீட்டம்மாவுக்கும் இஷ்டமில்லை. ஆனா மனுஷன் இப்படி உக்காந்திருக்கறதைப் பாக்க முடியலைன்னு அழுதாங்க." என் தொப்பியை ஒரு பார்வை பார்த்தார். "நீங்கல்லாம் நல்லா இருங்க."

எனக்குச் சுருக்கென்றது. மூட்டை எண்ணும் தலைவரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்படியும் நான் போனேனா? போகவில்லை. இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்று இருந்தது. நாள் ஆக ஆகத் தைரியம் வளரும் என்று பார்த்தால், முடிதான் வளர்ந்தது. இருபத்தொன்பதாம் தேதி எனக்கு லைசென்சுக்குப் போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. கோழைத்தனமாகப் பின்தெருவுக்கே போனேன்.

அன்று உயரக்காரர் கடையில் நிற்க இடமில்லை. இரண்டு நாற்காலியிலும் ஆள். பெஞ்சில் நான், மேனேஜர், வாத்தியார், தபால்காரர் (ஆமாம், அவரேதான்), எங்கள் தெரு வக்கீல். அப்போது வாசலில் நிழல் தட்டியது. தலைவர் நின்றுகொண்டிருந்தார்.

ஐந்து செய்தித்தாள்கள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. கடையில் இருந்ததே மூன்று செய்தித்தாள். மற்ற இரண்டு பேர் எதைத் தூக்கினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

தலைவர் எங்களைப் பார்க்கவில்லை. நேராக உயரக்காரரிடம் போனார்.

"வணக்கம். நான் முன்தெரு சலூன். கடையை எடுக்கறேன். என்கிட்ட இரும்பு நாற்காலி ஒண்ணு இருக்கு. இருபத்தாறு வருஷமா ஒரு மக்கர் பண்ணதில்லை. காயலான் கடையில போட மனசு வரலை. நீங்க வச்சுக்கறீங்களா?"

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

உயரக்காரர் கத்தரியை நிறுத்தினார். ஒரு நாற்காலியில் இருந்தவருக்கு வேலை முடிந்திருந்தது. அவரை எழுப்பிவிட்டு, இருக்கையைத் துண்டால் தட்டினார். "முதல்ல உக்காருங்க" என்றார்.

"நான் வெட்டிக்க வரலை."

"தெரியுது. உக்காருங்க."

தலைவர் உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் பிடரியை நாங்கள் பார்த்தோம். இடது பக்கம் ஒரு படி, வலது பக்கம் ஒரு படி, நடுவில் ஒரு மேடு. உயரக்காரர் போர்வையைக் கட்டிச் சீப்பை எடுத்ததுமே தலைவர் கையை உயர்த்தினார்.

"நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். வீட்டுக்காரி வெட்டுனது. சமையலறைக் கத்தரி."

முதலில் சிரித்தவர் வக்கீல். பிறகு நாங்கள் எல்லோரும். செய்தித்தாள்கள் இறங்கிவிட்டன. உயரக்காரரும் சிரித்தார், அவருக்குப் பல் உண்டு என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

"அண்ணே, உங்களை நான் பாத்ததே இல்லை. ஆனா ஒரு வருஷமா தினம் உங்க பேரைத்தான் கேட்டுட்டு இருக்கேன். இவங்க ஒவ்வொருத்தரும் இங்க உக்காந்ததும் சொல்ற முதல் வார்த்தையே 'தலைவர் இப்படித்தான் வெட்டுவார்'னுதான். மேனேஜருக்குக் காதுக்கு மேல தலைவர் கொஞ்சம் விடுவாராம். வாத்தியாருக்குத் தலைவர் கிருதாவை ஒரு விரல் இறக்கி வைப்பாராம். இந்த ரெட்டைச் சுழிக்காரர் இருக்காரே, இவரு பண்ற பாடு சொல்லி முடியாது. 'தலைவர் சீப்பை எதிர்ப்பக்கமா போடுவார், தலைவர் ஈரம் காயறதுக்குள்ள வெட்டுவார்.' நான் என் கையால ஒரு தலை வெட்டலைண்ணே. எல்லாம் உங்க வெட்டுதான். சுமாரா வந்திருக்கும், அதுக்கு என்னை மன்னிக்கணும்."

கண்ணாடியில் தலைவர் கண் எங்கள் மேல் ஒவ்வொருவராக நகர்ந்தது. கண்ணில் நீர் நின்றது; போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்துத் துடைக்கவும் தோன்றவில்லை. உயரக்காரர் துண்டின் நுனியால் துடைத்துவிட்டார்.

"நாற்காலி எனக்கு வேணாம். இருக்கற ரெண்டுக்கே என் கை போதலை. தோள்பட்டை தூக்க முடியலை, மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு. ரோடு எப்ப முடியும், இவங்க எப்பத் திரும்பிப் போவாங்கன்னு உங்களைவிட நான்தான் அதிகமா எதிர்பாத்தேன். முடிஞ்சு மூணு வாரமாச்சு. ஒருத்தரும் போகலை. ஏன்னு கேட்டா, உங்ககிட்டப் பயமாம்."

"பயமா?" என்றார் தலைவர். "என்கிட்ட என்ன பயம்?"

தபால்காரர் எழுந்து நின்றார். "தலைவரே, நீங்க அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

தலைவர் கண்ணாடி வழியாகத் தபால்காரரைப் பார்த்தார். "கேட்டிருக்கக் கூடாது" என்றார். "நீங்க வந்ததுல எனக்கு அவ்வளவு சந்தோஷம் சார். அதான் வாய்க்கு வந்தது வந்துடுச்சு. தப்புதான்."

இருபத்தாறு வருடத்தில் தலைவர் தன் வாயைத் தப்பு என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அதற்குப் பதிலாக, "நாளைக்குக் கடை உண்டா தலைவரே?" என்று மட்டும் கேட்டேன். உயரக்காரர் படிகளைச் சமன் செய்து முடிக்கும் வரை தலைவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எழுந்ததும் கையால் பிடரியைத் தடவிப் பார்த்தார். "நல்ல கை உங்களுக்கு" என்று உயரக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆறே முக்காலுக்கே, வெட்டாத தலையோடு நான் இறங்கிப் போனேன். எனக்கு முன்னால் தபால்காரர், அவருக்கு முன்னால் வக்கீல். வாத்தியாருக்கு வெட்ட முடியே இல்லை, அவர் மட்டும் முந்தின நாளே உயரக்காரரிடம் வெட்டிக்கொண்டுவிட்டார். கிருதாவைப் பார்க்கச் சொல்ல வந்தாராம். மேனேஜர் சவரத்துக்கு. கதவு இன்னும் திறக்கவில்லை. ஐந்து பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். திறக்காவிட்டால்? கடையைக் காலி செய்ய வண்டி வந்தால்?

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தெருமுனையில் தலைவரும் அவர் மனைவியும் நடந்து வந்தார்கள். அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "என்னங்க, சாவியைக் கொடுங்க, நான் திறக்கறேன்" என்று சொல்லி அவரே கதவைத் திறந்தார்.

என் முறை வந்தபோது மணி எட்டு. பெஞ்சு நிறைந்து வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். தலைவர் எனக்குப் போர்வையைக் கட்டி, சீப்பை ஈரத்தில் தோய்த்து, சுழிக்கு எதிர்ப்பக்கமாகப் போட்டார். அந்த நேரம் பார்த்து மேஜை மேலிருந்த கைபேசி அடித்தது. திரையில் 'மச்சான்' என்று இருந்தது. தலைவரின் ஒரு கையில் சீப்பு, மறு கையில் கத்தரி, ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

"சார், கொஞ்சம் எடுத்துப் பேசுங்களேன்" என்றார்.

நான் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி எடுத்தேன்.

"என்னப்பா, நாளைக்குக் கிளம்பி வர்றியா இல்லையா? இங்க கேக்கறாங்க" என்றது குரல்.

"நான் அவர் இல்லைங்க. அவர்கிட்ட முடி வெட்டிக்கறவன். தலைவருக்குக் கையில வேலை இருக்கு."

"அப்படியா? சரி, எப்ப ஒழியும்?"

நான் கண்ணாடியில் பெஞ்சைப் பார்த்தேன். வாசலில் இப்போது மூன்று பேர்.

"இப்போதைக்கு ஒழியற மாதிரி தெரியலைங்க" என்றேன்.

தலைவர் என் தலையைக் குனியச் சொன்னார். குனிந்தேன்.